பாலம் இல்லாத ஆறு

சுவீடனின் வடகோடியில் சாரெக் என்றொரு தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைத்துவிடாதீர்கள். ரோடு இல்லை, தங்க ஓர் அறை இல்லை, போன் சிக்னல் மருந்துக்கும் இல்லை. மலை, பனி, ஆறு, அவ்வளவுதான். முதல் நாளே எனக்குப் பேச்சு நின்றுபோனது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ஆபீஸ் வேலையாக என்னை ஸ்டாக்ஹோமுக்கு மூன்று மாதம் அனுப்பியிருந்தார்கள். லீவுக்கு வந்த என் மனைவி வடிவு, இந்த மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கின் படத்தைப் பார்த்துவிட்டு, வேறு எந்த ஊரும் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இருபது வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே ஊர் அது.

மூன்றாம் நாள் வழிகாட்டி லீனா கறாராகச் சொன்னாள்: நாளை ஓர் ஆறு, பாலம் கிடையாது, ஒருவரால் கடக்க முடியாவிட்டாலும் எல்லாரும் திரும்ப வேண்டும். எனக்கு வடிவை நினைத்துத்தான் பயம். ஆவடி மார்க்கெட் ரோட்டைக் கடக்கவே என் சட்டையைப் பிடிப்பவள். நானோ ஆறு கடப்பது பற்றி நாற்பது வீடியோ பார்த்தவன்.

மறுநாள் காலை நான்தான் முதலில் இறங்கினேன். பனி உருகி வந்த தண்ணீர், சுண்ணாம்பு கரைத்த நிறம். நாலாவது அடியில் காலடிக் கல் உருண்டது. ஓடும் தண்ணீரைப் பார்த்தேன், தலை சுற்றியது. தட்டுத்தடுமாறிக் கரையேறி உட்கார்ந்துவிட்டேன். லீனா, நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுந்திரிங்க," என்றாள் வடிவு. விழுந்தால் பை ஆளை இழுத்துப் போகாமலிருக்க அதன் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டாள், என்னுடையதையும். "காலைத் தூக்காதீங்க, தேச்சுகினே வாங்க. தண்ணியப் பாக்காதீங்க. அந்தாண்ட பாறை கீது பாருங்க, அத்தப் பாருங்க."

தெருவில் ஒருநாளும் என் கையைப் பிடிக்காதவள், அன்று பிடித்துக்கொண்டாள். நடைக்கோலால் முன்னே குத்திப் பார்த்து, ஒரு பாதத்தை நகர்த்தி, அது ஊன்றிய பிறகே மறுபாதம். தொடை வரை வந்த தண்ணீர் அவளை அசைக்கவில்லை. அக்கரையில் லீனா என்னை விட்டுவிட்டு அவளோடு கைகுலுக்கினாள்.

மதியம் அந்தப் பள்ளத்தாக்கு தெரிந்தது. பச்சை நிலத்தில் ஆறு நூறு கிளையாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. இப்படியொரு இடம் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆத்துல நடக்க எங்க கத்துகினே?" என்றேன்.

"நம்ம தெருவுலதான், அந்த டிசம்பர் வெள்ளத்துல. எந்தக் குழிக்கு மூடி இல்லன்னு குத்திப் பாத்துகினேதான் போவோம்."

அந்த டிசம்பரில் நான் வேலையாகப் புனேயில் இருந்தேன். தினமும் போனில் விசாரித்தேன்.

"முட்டியளவு தண்ணின்னுதானே சொன்னே?"

"நெஞ்சளவு. நம்ம பொண்ணு காவ்யாவுக்கு அப்ப ஆறு வயசு. தோள்ல ஒக்கார வெச்சுகினு மெயின் ரோடு வரைக்கும் நடந்தேன்." பள்ளத்தாக்கிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னாள். "உங்களாண்ட சொல்லி இன்னா ஆவப்போது? அங்க தூக்கம் இல்லாம கெடப்பீங்க."

அந்த வெள்ள வாரம் முழுக்க புனேயில் நான் நன்றாகத் தூங்கினேன்.