வலிக்காத கட்டி

முகூர்த்த ரவிக்கை ப்ரியாவின் உடம்பில் தொளதொளவென்று கிடந்தது. ஆவணியில் அளவு கொடுத்துத் தைத்த ரவிக்கை. அம்மா கோமு இரண்டு பக்கமும் துணியைக் கிள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கார்த்திகைக்குள் ஒருத்தி இத்தனை மெலிவாளா?

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அதைக் கல்யாணக் களை என்றார்கள். "மாப்பிள்ளைய நெனச்சே பாதியாயிட்டா" என்று ப்ரியாவின் பெரியத்தை கேலி செய்ததில் கோமுவுக்கும் ஒரு பெருமைதான். சாயங்காலமானால் மகளுக்கு உடம்பு லேசாகக் காய்ந்தது. அலைச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கை காலெல்லாம் அரித்தது. மஞ்சள் சேரவில்லை என்று கடலை மாவுக்கு மாற்றினாள். எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் அவளிடம் இருந்தது.

தோள்பட்டையில் துணியை நீவிவிட்டபோதுதான், கழுத்தெலும்புக்குச் சற்று மேலே, விரலில் அது தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. அழுத்தினால் அழிரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தது.

"என்னட்டி இது?"

"நெறி கட்டியிருக்கும்மா. ரொம்ப நாளா கெடக்கு."

"வலிக்கா?"

"கொஞ்சங்கூட வலிக்கல."

கோமுவுக்கு உயிர் வந்தது. வலிக்காத கட்டி என்ன செய்துவிடும்? சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்துத் தடவினாள். ஆனால் புண் இருந்தால்தானே நெறி கட்டும்? மகளின் தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து தேடினாள். காதைப் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள். எங்கேயும் ஒரு கீறல் இல்லை. நாலு நாள் சுண்ணாம்பு போட்டும் கட்டி அப்படியே இருந்தது. மகளை அழைத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கும் தானியேல் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் கழுத்தையும் அக்குளையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். மெலிவு, காய்ச்சல், அரிப்பு என்று அவரே ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, கோமு தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"ராத்திரி வேர்க்காம்மா?"

ப்ரியா அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். "நைட்டி நனைஞ்சிரும் டாக்டர். மாத்திக்கிட்டுப் படுத்துக்கிடுவேன்."

வெளியே அடைமழை. போர்வை இல்லாமல் படுக்க முடியாத குளிர். கோமு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கலைன்னு சந்தோஷப்படுதிய. வலிக்காம வளருத கட்டியக் கண்டாத்தான் எனக்குப் பயம்" என்றார் டாக்டர். "டி.பி.யா இருக்கலாம். நிணநீர்ல வார புத்துநோயாவும் இருக்கலாம். கட்டிய எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும். புத்துநோயாவே இருந்தாலும், சீக்கிரம் பாத்துட்டா நெறையப் பேருக்குக் கொணமாயிருது. தள்ளிப் போடாதிய. நாளைக்கே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போங்க."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் புருஷன் காசிலிங்கம் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"பந்தக்கால் நட்டாச்சு. கல்யாணப் பொண்ணு ஆத்தைத் தாண்டக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? பாலத்தைத் தாண்டாம பாளையங்கோட்டை எங்க இருக்கு? அடுத்த வாரம் தாலி ஏறட்டும். பெறவு பாத்துக்கிடலாம்."

"டாக்டரு நாளைக்கேன்னாரு."

"கழுத்துல கட்டின்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா வேற வெனையே வேண்டாம்."

கோமு அடுப்படிக்குப் போனாள். தனக்குள் இருந்த பயத்தையும் அந்தச் சாங்கியம் மூடிவைத்துவிட்டதில் வெட்கங்கெட்ட ஒரு நிம்மதி இருந்தது. ஒரு வாரம்தானே. பட்டுச்சேலையும் நகையும் போட்டால் யார் கண்ணுக்குத் தெரியும்?

மறுநாள் காலையில் காப்பியோடு மகளின் அறைக்குப் போனாள். ப்ரியா குளிக்கப் போயிருந்தாள். தலையணையில் கையை வைத்ததும் சில்லிட்டது. உறை ஈரம், பஞ்சும் ஈரம். கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். அதற்கு மட்டும் அவளிடம் ஒரு சமாதானமும் இல்லை.

காசிலிங்கம் கடைக்குக் கிளம்பிப் போனதும் இருவரும் டவுன் பஸ் ஏறினார்கள். ஜங்ஷனில் பஸ் நின்றபோது, மஞ்சள் பையோடு முன்வாசலில் ஏறியவளைக் கண்டு கோமு மகளின் தாவணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். மாப்பிள்ளை நடராஜின் அம்மா ஆவுடையம்மாள். வள்ளியூரிலிருந்து பத்திரிகை வைக்க வந்திருக்கிறாள்.

அவளும் பார்த்துவிட்டாள். நேரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன மயினி, கால் நட்ட வீட்டுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்கன பெறப்பட்டிய? பஸ்ஸு இப்ப ஆத்தைத் தாண்டிரும்லா?" சிரித்துக்கொண்டே ப்ரியாவின் கன்னத்தைத் தடவினாள். "எம் மவனை நெனச்சு இப்படியா மெலிவே? அவன் அங்கன நல்லாத் தின்னுக்கிட்டுல்லா இருக்கான்."

ப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரவிக்கை அளவு சரியில்லை, தையல்காரனைப் பார்க்கப் போகிறோம். கோமுவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாதி உண்மையும்கூட. பஸ் பாலத்தில் ஏறியது. ஆவுடையம்மாள் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறோம் மயினி" என்றாள் கோமு. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. மகளின் தாவணியைக் கழுத்திலிருந்து விலக்கினாள். ஆவுடையம்மாளின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தாள். "இங்கன. பையத் தொட்டுப் பாருங்க."

ஆவுடையம்மாளின் சிரிப்பு நின்றது. பத்திரிகைக்குத் தடவிய மஞ்சள் அவள் விரல் நுனிகளில் ஒட்டியிருந்தது. விரல் ஒருமுறை பின்வாங்கி, மறுபடி வந்து கட்டியின் மேல் நின்றது. ப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே லாரி வரவும் பஸ் பாலத்தின் நடுவில் ஒதுங்கி நின்றது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. விரல் இன்னும் கழுத்திலேயே இருந்தது.