லவோன் டிரெய்லர் பார்க்கப் போனது

“குழாயைத் திறந்துட்டியா?”

“திறந்துட்டேன்.”

“எனக்குக் கேக்கலையே.”

லவோன் கைபேசியைச் சிங்குக்குள் இறக்கி, தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். புதுத் தகரத்தில் தண்ணீர் தடதடவென்று கொட்டியது. தெறித்ததில் சட்டைக் கை நனைந்தது.

“இப்ப?”

“ம்ம், கேக்குது,” என்றார் அவள் கணவர் வெர்லின். குரல் இளைத்திருந்ததே தவிர அதிலிருந்த ஆர்வம் இளைக்கவில்லை. “மூடு. மூடினதும் பம்பு நிக்குதான்னு பாரு.”

மூடினாள். எங்கோ அடியில் உறுமிக்கொண்டிருந்த பம்பு நின்றது.

“நின்னுடுச்சு.”

“நல்ல பம்பு.”

நல்ல பம்பு என்று பாராட்டியவர் அறுபது மைல் தள்ளி, வீட்டின் முன்னறையில், செவிலியர்கள் கொண்டுவந்து போட்ட கட்டிலில் படுத்திருந்தார். காதுக்குப் பக்கத்தில் தலையணைமேல் போன். கட்டிலருகே மகள் டெனிஸ். முந்தாநாள் வந்த நர்ஸ் கிளம்பும்போது லவோனை வாசல்வரை கூட்டிப்போய், “இந்த வாரத்துக்குள்ள எதிர்பாத்துக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பதினெட்டடி டிரெய்லர் அது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு. பிப்ரவரியில், உடம்பு நன்றாக இருந்தபோது, வெர்லின் பதிவு செய்தது. ஏப்ரலில் கணையத்தில் கட்டி என்றார்கள். டிரெய்லர் செப்டம்பர் கடைசியில் வந்து சேர்ந்தது.

புது டிரெய்லரைச் சாவி வாங்கிக்கொண்டு இழுத்துப் போய்விட முடியாது. கடைக்காரர் ஆள் வைத்து ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் காட்டுவார். மூன்று மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் பார்த்து, திருப்தி என்று கையெழுத்துப் போட்ட பிறகு பழுது தெரிந்தால், சரிசெய்துகொள்ள வரிசையில் நின்று சாக வேண்டியதுதான். ஊர் நீர்விநியோகத்தில் முப்பத்தோரு வருஷம் குழாயும் வால்வுமாக வாழ்ந்த வெர்லின், டிரெய்லரில் ஊர் சுற்றுவதைவிட அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் காத்திருந்தார்.

“நீ போ. போனைப் போட்டு வை. நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்,” என்று காலையில் அவளைத் துரத்தினார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நேற்று லவோன் கார் கொட்டகைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கடை ஆபீசுக்குப் பேசினாள். டிரெய்லர் வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஆனால் நாளைக்கு நான் வரும்போது, வாங்கப்போகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் காட்டுங்கள், அவர் போனில் கேட்டுக்கொண்டிருப்பார். ஆபீசிலிருந்த பெண் பெயரைக் குறித்துக்கொண்டாள். பிறகு, “வாங்கம்மா,” என்றாள்.

டிரெய்லர் வீட்டுக்கு வரப்போவதில்லை என்பது வெர்லினுக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துவிட வேண்டும். லவோன் வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

காட்டுகிறவர் பெயர் டுவேன். ஐம்பதைத் தாண்டிய, வைக்கோல் மீசைக்காரர். ஒவ்வொன்றையும் காட்டி முடித்ததும், “ஏதாவது கேள்வி?” என்பார். லவோன் போனை நீட்டுவாள். கேள்விக்குக் குறைவே இல்லை.

“கழிவுத் தொட்டி வால்வு இழுக்கறப்ப கனமா இருக்குமா, லேசா இருக்குமா?”

“லேசாத்தான் சார் இருக்கும்.”

“நீங்க இழுத்துப் பழகின ஆளு. அவளை இழுக்கச் சொல்லுங்க.”

லவோன் இழுத்தாள். “இருபத்திரண்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டின கை இது, வெர்லின். இதெல்லாம் ஒரு கனமா?”

“அப்ப லேசுன்னு எழுதிக்கறேன்.”

“எதுல எழுதறே? கையில ஊசி.”

“மனசுல எழுதறேன், போடி.”

டுவேன் மீசைக்குள் சிரித்துக்கொண்டு சுவரிலிருந்த பலகைக்கு நகர்ந்தார்.

“அடுத்தது வெந்நீர். இந்தப் பொத்தான் கேஸ், இது கரண்ட். கரண்டைப் போட்டா அரை மணியில நல்லாச் சூடாயிடும்.” விரல் பொத்தானுக்குப் போனது.

“தொடாதீங்க!”

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று லவோனுக்கே புரியவில்லை. ஒரு வாரமாக வெர்லின் இவ்வளவு உரக்கப் பேசியதில்லை. டுவேனின் விரல் அந்தரத்தில் நின்றது.

“முதல்ல பம்பைப் போட்டீங்களே, அது எத்தனை நேரம் ஓடி நின்னுச்சு?”

“கவனிக்கலையே சார்.”

“நான் எண்ணினேன். இருபத்தஞ்சு எண்ணறதுக்குள்ள நின்னுடுச்சு. ஆறு கேலன் தொட்டி நிரம்பணும்னா ரெண்டு நிமிஷமாவது ஓடணும். வெந்நீர்த் தொட்டிக்குள்ள பொட்டுத் தண்ணி போகல.”

டுவேன் கட்டிலுக்கு அடியில் இருந்த பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். குளிரில் உறையாமலிருக்கத் தொட்டியை விலக்கித் தண்ணீரைத் திருப்பிவிடுகிற வால்வு ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அது குறுக்கே திரும்பியிருந்தது. வெறும் தொட்டியில் கரண்டைப் போட்டிருந்தால் உள்ளிருக்கும் கம்பி ஒரு நிமிஷத்தில் கருகியிருக்கும்.

“சார் சொன்னது சரி,” என்றார். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன.

வால்வைத் திருப்பினார். பம்பு மறுபடி உறுமியது. இந்த முறை நிற்கவே மனசில்லாததுபோல் ஓடிக்கொண்டே இருந்தது. போனில் வெர்லின் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“அப்பா, சிரிக்காதீங்க,” என்றாள் டெனிஸ்.

“வேற எப்பம்மா சிரிக்கறது?” மூச்சு வாங்கிக்கொண்டார். “டுவேன், நீங்க எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கீங்க?”

“பதினேழு வருஷம் சார்.”

“ஓகோ.”

டுவேன் லவோனைப் பார்த்தார். லவோன் தரையைப் பார்த்தாள். “நான் வெளிய டயர்ல காத்து இருக்கான்னு பாத்துட்டு வரேம்மா,” என்று அவர் இறங்கிப் போனார்.

பம்பு நின்றது.

“லவோன்.”

“ம்.”

“பதினேழு வருஷம் பாத்த மனுஷன் அந்த வால்வை மறக்க மாட்டார். இந்த வண்டி எங்கயும் போகப்போறதில்லைன்னு தெரிஞ்சாத்தான் பாக்காம விடுவார்.”

அவள் நனைந்த சட்டைக் கையை முறுக்கிப் பிழிந்தாள்.

“வேண்டாம்னு சொல்லிட்டே, இல்ல?”

“டெனிஸ் சொன்னாளா?”

“அவளுக்குப் பொய்யும் சொல்ல வராது, உண்மையும் சொல்ல வராது. வெந்நீர்த் தொட்டிதான் சொல்லுச்சு.”

லவோன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மெத்தையின் பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

“நான் என்ன பண்ணட்டும், சொல்லு. நீ இல்லாம இதை வச்சுக்கிட்டு? ஏரிக்கரையில நிறுத்தி, ஒத்தையா உக்காந்து காப்பி குடிக்கவா?”

“நல்ல காப்பியா இருந்தா குடிக்கலாம்.”

“வெர்லின்.”

“சரி, சரி. வேண்டாம்னா வேண்டாம். அழாதே. ஆனா பாதியில விட்டுட்டு வந்துடாதே. அந்தச் சுவர் அப்படியே வெளிய தள்ளிக்கிட்டுப் போகுமாமே, அதை இன்னும் பாக்கல.”

“வாங்காத வீட்டுச் சுவர் எங்க போனா உனக்கென்ன?”

“வாங்கினாத்தான் தெரிஞ்சுக்கணுமா? புதுசா என்ன ஓடு போட்டிருக்கான்னு பாக்கப் பக்கத்து வீட்டுக் கூரைமேல ஏறினவன் நான்.”

“அந்தக் கதை ஊருக்கே தெரியும். போலீஸ் வந்துச்சே.”

“வந்தவன் என்கூட ஏறிப் பாத்தானே, அதைச் சொல்ல மாட்டியே.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நனைந்த சட்டைக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் டுவேனைக் கூப்பிட்டாள்.

திரும்பி வந்த டுவேன் வேறு மனிதராக இருந்தார். எதையும் தாண்டிப் போகவில்லை. ஜன்னல் ஓரங்களை விரலால் அழுத்திப் பார்த்தார். கதவைப் பூட்டித் திறந்து, லவோனையும் பூட்டித் திறக்கச் சொன்னார். பிறகு சுவரின் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னார். சாப்பாட்டு மேசையையும் இருக்கையையும் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுச் சுவர் முழுசாக வெளியே நகர்ந்தது.

“சத்தம் போட்டு எண்ணு,” என்றார் வெர்லின்.

நாற்பத்தொன்று வரை எண்ணினாள். கூடத்துக்கு நடுவில் இரண்டு பேர் நடனம் ஆடலாம் போல இடம் வந்துவிட்டது.

“நாப்பத்தொண்ணா! முப்பதுன்னுல்ல நான் நினைச்சேன்.”

“ஏன் டுவேன்,” என்றாள் லவோன், இழுப்பறை ஒன்றை இழுத்துப் பார்த்தபடி, “வண்டி ஓடறப்ப இதெல்லாம் திறந்துக்கிட்டுக் கரண்டி கிரண்டியெல்லாம் கொட்டாதா?”

“கொஞ்சம் தூக்கி இழுத்தாத்தாம்மா வரும். சும்மா இழுத்தா வராது.”

“அட,” என்றது போன். “இதை நான் யோசிக்கவே இல்லையே. வேற என்ன இருக்கு, பாரு.”

அவள் பார்த்தாள். யாரும் சொல்லாமலே ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தாள். பார்த்ததையெல்லாம் அவருக்குச் சொன்னாள். தலைமாட்டில் படிக்க ஒரு விளக்கு. காலடியில் ஜன்னல். படுத்தால் வானம் தெரியும். உண்மையிலேயே படுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். மேசையை மடக்கினால் இன்னொரு படுக்கை. அது யாருக்கு, அவ்வளவு குட்டியாக? வெர்லின் “ம்” கொட்டிக்கொண்டிருந்தார். “ம்”களுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டு வந்தது.

வெளியே வந்து, டிரெய்லர் சுவரோடு சேர்த்துச் சுருட்டியிருந்த பந்தலை விரித்தார்கள். கோடு போட்ட துணி மெதுவாக உருண்டு நீண்டது.

“காத்து வந்தா உடனே சுருட்டிடணும்,” என்றார் டுவேன். “ஏதாவது கேள்வி?”

போனில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “எவ்வளவு காத்து?”

“கொடிக்கம்பத்துல கொடி நேரா நிக்கற அளவு.”

“அப்ப நம்ம தெற்கு டகோட்டா காத்துல,” ஒரு மூச்சு, “இதை விரிக்கவே முடியாது.”

டுவேன் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுப்பைப் பற்ற வைத்தார்கள். “நீலமா எரியுது, வெர்லின்,” என்றாள் லவோன். “கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்மா,” என்றாள் டெனிஸ். புகை எச்சரிக்கை மணியை அழுத்தியபோது கூச்சல் அவருக்கு ஆகாது என்று லவோன் போனை வயிற்றோடு அணைத்து மூடிக்கொண்டாள். டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கை இறக்கி ஏற்றினார்கள். சக்கரங்களைச் சுற்றி வந்தார்கள். டுவேன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அவ்வளவுதாம்மா. மொத்தமும் பாத்துட்டோம். ஏதாவது கேள்வி?”

அவள் போனை நீட்டினாள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தூரத்தில், சமையலறையில், கனமான பாத்திரம் ஒன்று மேசைமேல் வைக்கப்படுகிற சத்தம். டெனிஸ் யாருக்கோ நன்றி சொல்கிறாள். வாசல் கதவு சாத்திக்கொள்கிறது. வீட்டுக் குளிர்ப்பெட்டியின் ரீங்காரம்கூடக் கேட்டது. கிட்டத்தில், தலையணைப் பக்கமிருந்து, எதுவும் கேட்கவில்லை.

லவோன் அவரைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. டுவேன் தொப்பியைக் கழற்றினார்.

காலடிச் சத்தம் வந்தது. “அப்பா?” பிறகு, “அப்பா.” பிறகு, “அம்மா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.”

“பக்கத்து வீட்டு மார்லிஸ் வந்தாங்கம்மா. சாப்பாடு கொண்டுவந்தாங்க. வாங்கி வைக்கத்தான் போனேன். மூணு நிமிஷம்கூட இருக்காது...”

“தெரியும். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல, கண்ணு. நர்ஸைக் கூப்பிடு.”

“நீ ஓட்டிடுவியா? இல்ல, ஆள் அனுப்பட்டுமா?”

“ஓட்டிடுவேன்.”

“அவசரமில்லம்மா. மெதுவா வா.”

அவசரமில்லை. அது உண்மைதான். டெனிஸே போனை வைக்கும்வரை லவோன் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“ஆபீசுல வந்து உக்காருங்கம்மா,” என்றார் டுவேன். “தண்ணி குடிங்க. இதையெல்லாம் நான் மூடிக்கறேன். எங்கயும் கையெழுத்துப் போட வேண்டாம்.”

அவள் நகரவில்லை. சரளைக்கல் முற்றத்தின் அந்தக் கோடியில் அவளுடைய பிக்கப் நின்றது. இந்தக் கோடியில் டிரெய்லர், முன்மூக்கை ஜாக்கின்மேல் வைத்துக்கொண்டு.

“எனக்கு ஒரு கேள்வி இருக்கு,” என்றாள்.

“கேளுங்கம்மா.”

“தனி ஆளா இதைக் கொக்கியில மாட்ட முடியுமா?”

டுவேன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

“முடியும். உங்க வண்டிக்குப் பின்னால இருக்கற இரும்புக் குண்டு, டிரெய்லர்ல இருக்கற இந்தக் கிண்ணத்துக்கு நேர் கீழ வரணும். வந்தா ஜாக்கை இறக்கினாப் போதும், தானா உக்காந்துக்கும். பின்னால ஒருத்தர் நின்னு கை காட்டினா சுலபம். தனியான்னா, கொஞ்சம் வர்றது, இறங்கிப் பாக்கறது, மறுபடி ஏறறது.”

“எத்தனை தடவை?”

“ஆரம்பத்துல அஞ்சாறு தடவை. பழகினா ரெண்டு.”

“சரி. நீங்க கை காட்டாதீங்க.”

பந்தலைச் சுருட்டினார்கள். சுவரை உள்ளே இழுத்தார்கள். ஆபீசுக்குப் போய், டிரெய்லரை எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டாள். நேற்று போனில் பேசிய பெண்தான் பேனாவை நகர்த்திக் கொடுத்தாள். பிறகு லவோன் பிக்கப்பில் ஏறி, கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் வந்தாள். நாற்பது பிள்ளைகளோடு பஸ்ஸை எதிலும் இடிக்காமல் திருப்பித் திருப்பிப் பழகியவள். போய் ஒன்றைத் தொட்டு நிற்பது பழக்கமில்லை. இறங்கினாள். ஒரு சாண் இடப்பக்கம் தள்ளியிருந்தது. ஏறினாள், முன்னால் போனாள், வந்தாள். இறங்கினாள். வலப்பக்கம்.

டுவேன் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

நாலாவது தடவை நேராக வந்திருந்தது, ஆனால் எட்டவில்லை. அவள் குனிந்து, குண்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தாள். நான்கு விரல் இடைவெளி. எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த சரளைத் தூசியைத் தட்டிவிட்டு, மறுபடி வண்டியில் ஏறினாள்.