அறுபதாயிரமும் மூன்று செட்டும்

அறுபதாயிரம் இருந்தது. அதில் ஒரு காசுகூட வீணாகப் போகவில்லை. ஆனாலும் படிப்பில் சேர்ந்து ஏழாம் மாதம் முதல் தேதி வந்தால் கணக்கில் இருபதாயிரம் குறைந்தது. அது எங்கே போகிறது என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கல்லூரிக்காரர்கள் கொடுத்த கட்டண அட்டையின் பின்பக்கத்தில் நான்காவது தடவையாக அதே கணக்கைப் போட்டாள். பாடம் ஒன்றுக்குப் பத்தாயிரம். பருவத்துக்கு நான்கு பாடம், ஆக நாற்பதாயிரம். பரீட்சையில் தேறி மதிப்பெண் பட்டியலைக் காட்டினால், கட்டிய பணம் முழுவதையும் ஆஸ்பத்திரி நிர்வாகம் சம்பளத்தோடு திருப்பிக் கொடுத்துவிடும். பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு சலுகை. அவளுக்குப் பதினெட்டு வருடம் ஆகிறது. அப்படியானால் நாற்பதாயிரத்தை ஒரே ஒரு தடவை புரட்டினால் போதும்; அதே பணம் போய்ப் போய்த் திரும்பி வரும், மீதி இருபது சும்மா கிடக்கும். ஒரு வருடமாக இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தேதிகள் அச்சடித்த இந்த அட்டை கைக்கு வந்தபிறகுதான் இடித்தது.

அவள் அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்கு மேற்பார்வையாளர். வயது நாற்பத்து நான்கு. பத்தொன்பது வயதில் வேதியியல் முதல் வருடத்தை முடித்த கையோடு அப்பா படுத்துவிட்டார். வீட்டில் ஒருவருக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்றார்கள். தம்பி படித்தான். விட்டுப்போன மீதி இரண்டு வருடத்தைப் படிக்க இந்த வருடம் சேர்ந்தால் மட்டுமே அந்தப் பழைய மதிப்பெண்களை ஒப்புக்கொள்வதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அடுத்த வருடம் பாடத்திட்டம் மாறுகிறது. அதற்குப் பிறகு அந்தத் தாள் பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று புதன்.

கணவர் பஸ் டெப்போ மெக்கானிக். கையில் ஒட்டியிருந்த கிரீஸை மரத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அறுபதும் நம்ம பணம். செலவாகல. ஆனா கையில இல்ல. இது எப்படி?"

"உன் தம்பி கையில இருக்கான்னு பாரு," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

அவள் தம்பிக்குத்தான் போன் செய்தாள். இருபதாயிரம், இரண்டே மாதத்துக்கு. அவன் உடனே மறுக்கவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். குழந்தைகள் படிப்புச் செலவைப் பற்றிக் கொஞ்சம் பேசினான். போனை வைக்கும்முன், "இந்த வயசுல படிச்சு என்னக்கா பண்ணப்போற?" என்று கேட்டான். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் பேச்சை முடித்தாள்.

"மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்பாங்க," என்றார் கணவர். "நீ ஏறப்போறது மாடிப்படி. அதுக்கே இந்தப் பாடு."

கடனாகவே வாங்கினாலும் ஒரு தடவையோடு போகாது என்பதை அவள் அடுத்த வரியில் எழுதிப் பார்த்துக் கண்டுகொண்டாள். எட்டாம் மாதச் சம்பளத்தோடு நாற்பது திரும்பி வந்தால், இருபதைத் தம்பிக்குக் கொடுத்ததும் மறுபடி இருபதுதான் மிஞ்சும். மூன்றாம் பருவத்துக்கும் கேட்கவேண்டும், நான்காம் பருவத்துக்கும் கேட்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் அவன் வீட்டில் கேட்டுச் சொல்வான். அட்டையை மடித்து வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை சலவைக்கூடத்துக்குக் கிடங்கு அதிகாரி வந்தார். வேலைக்குப் புதியவர், கையில் பட்டியல். வருகிற அதிகாரி யாராக இருந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். நூற்றிருபது கட்டிலுக்கு முந்நூற்றறுபது விரிப்பு எதற்கு, நூற்றிருபதைக் குறைத்தால் என்ன? பதினெட்டு வருடமாக அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவளுக்கு 'மூணு செட்டம்மா' என்று பெயர் வந்திருந்தது. இஸ்திரி உருளை ஓட்டுகிற பெண்கள் அவரைக் கண்டதுமே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் எழுந்தாள். பாதம் இரண்டும் வலித்தன. அவரை அழுக்குத் துணி வருகிற வாசலில் இருந்து கூட்டிக்கொண்டு போனாள். அழுக்கு ஒரு வாசலில் வரும், வெளுத்தது வேறு வாசலில் போகும். இரண்டும் ஒன்றோடொன்று உரசக்கூடாது. முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். ரத்தக் கறை பட்ட துணியை எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் கறை நூலோடு ஒட்டிப்போகும், பிறகு எந்த மருந்துக்கும் அசையாது. அதனால் பச்சைத் தண்ணீருக்குப் பிறகுதான் கொதிநீர், பிறகு வெளுப்பு மருந்து, அலசல், பிழிதல், உலர்த்தி, உருளை. சூடு பட்டால் ஏன் கறை ஒட்டுகிறது என்று அதிகாரி கேட்டார். ஒட்டும் என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது என்றாள். தம்பிக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதில் அந்த 'ஏன்'தான் என்று அப்போது தோன்றியது.

"ஒரு செட்டு கட்டில்ல சார். ஒரு செட்டு தண்ணியில. ஒரு செட்டு அலமாரியில."

"தண்ணியில இருக்கறதுதான் நாளைக்கு வந்துருதேம்மா?"

"வரும். ஆனா இன்னிக்கு ஒருத்தர் வாந்தி எடுத்தா, நாளைக்கு வர்ற விரிப்பை இன்னிக்கு விரிக்க முடியாதுல்ல. அது எங்கயும் காணாமப் போகல சார். ஈரமா இருக்கு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவள் காதில் விழவில்லை.

அவர் போனதும் சலவைச் சீட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு எழுதினாள். முதல் பருவத்துப் பரீட்சை ஐந்தாம் மாதக் கடைசியில். முடிவு வருவது ஏழாம் மாத நடுவில். ஆஸ்பத்திரி பணம் தருவது எட்டாம் மாதச் சம்பளத்தோடு. ஆனால் இரண்டாம் பருவக் கட்டணம் ஏழாம் மாதம் முதல் தேதி. அன்றைக்கு முதல் நாற்பதாயிரம் எங்கும் தொலைந்திருக்காது. ஈரமாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஊருக்கெல்லாம் மூன்று செட்டு உபதேசம் செய்தவள், தன் படிப்புக்கு ஒன்றரைச் செட்டோடு புறப்பட்டிருந்தாள். அவளுக்குத் தன்மேல் கோபம்கூட வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

அறுபதை நூற்றிருபதாக்க வழியில்லை. ஆறு வருட ராத்திரி வேலைப் படியைச் சேர்த்துத்தான் இந்த அறுபது. விரிப்பைக் கூட்ட முடியாவிட்டால் கட்டிலைக் குறைக்கவேண்டும். அவள் அறுபதை மூன்றால் வகுத்தாள்.

அப்படிப் பருவத்துக்கு இரண்டு பாடம் எடுத்தால் இரண்டு வருடத்துப் படிப்பு நான்கு வருடம் ஆகும். இன்னும் இரண்டு வருடத்தில் காலியாகிற உதவி மேலாளர் நாற்காலிக்குப் பட்டதாரி வேண்டும். அதில் வேறு யாராவது வந்து உட்காருவார்கள். வழக்கம்போல அவர்களுக்கு வேலையை அவள்தான் கற்றுக்கொடுப்பாள். அதையும் சீட்டில் எழுதினாள், அதுவும் செலவுதான் என்பதால்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"நாலு வருஷம் நான் அடுப்படியில நிக்கணும்னு சொல்ற."

"நாலு பாடம்னா வாரத்துல நாலு சாயங்காலம் எனக்கு வகுப்பு, நாலு நாள் நிக்கணும். இதுன்னா ரெண்டு நாள்."

"அப்ப இதுதான் சரி," என்றார். "விரலுக்கேத்த வீக்கம்."

வெள்ளிக்கிழமை கல்லூரி அலுவலகத்தில் நீண்ட வரிசை. அவளுக்கு முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் இருபது வயதுக்குள்தான் இருக்கும். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் படிவத்தை வாங்கி, பாடங்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் கேட்காமலே நான்கு என்று எழுதினார். அவள் அதை மாற்றவேண்டும் என்றாள்.

"எல்லாரும் நாலுதாம்மா எடுப்பாங்க."

"ரெண்டு எடுக்கக்கூடாதுன்னு விதி இருக்கா சார்?"

அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். குறைந்தது இரண்டு, சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடவேண்டும். அவ்வளவுதான் விதி. அவர் படிவத்தை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

அவள் நான்கை அடித்து இரண்டு என்று எழுதினாள். பருவத்துக்கு இரண்டு பாடம், இருபதாயிரம். ஒரு இருபது கல்லூரியில், ஒரு இருபது திரும்பி வரும் வழியில், ஒரு இருபது வங்கியில். ஏதாவது ஒரு பாடத்தில் தவறினால் ஆஸ்பத்திரி அந்தப் பணத்தைத் தராது. அதற்கு வங்கியில் இருப்பது தாங்கும். பதினாறு பாடம், எட்டுப் பருவம், நான்கு வருடம். நடுவில் யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை.