மழையில் நிற்க இருநூறு பேர்

துப்பாக்கிப் பயிற்சிக் கழகத்தார் மழைக்காலத்திலும் சுடுவது என்று முடிவெடுத்ததில் அச்சுக்காரருக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. காகிதத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் மழையில் கிழியக் கூடாது, சனிக்கிழமை பத்து மணிக்கு இருநூறு பேர் தயாராக இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆர்டர்.

ஆளை வரைவதில்தான் சிக்கல். அவர் வரைந்த முதல் ஆள், கூஜாவுக்குக் கை முளைத்த மாதிரி இருந்தான்.

"இதச் சுட்டா ரத்தம் வராது, தண்ணிதான் வரும்" என்றாள் மனைவி.

ஆகவே மனைவியின் தம்பி வரவழைக்கப்பட்டான். வீட்டில் அவனுக்குப் பெயர் தூண். நிறுத்திய இடத்தில் நிற்பான், வேறு உபகாரம் எதிர்பார்க்கக் கூடாது. ஜன்னல்களைச் சாத்தி, மேஜை விளக்கை அவன் பக்கம் திருப்பி, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் விழுந்த நிழலை அச்சுக்காரர் பென்சிலால் சுற்றி எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தூணுக்கு அகலமான தோள்கள் அமைந்தன. அதற்குள் கறுப்பு நிரப்பி, அதுதான் மூலத்தாள் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஸ்கிரீன் எடுத்து, இருநூறு தடித்த தாள்களில் அச்சடித்தார். நாலு டப்பா கறுப்பு மை காலி.

பிறகு மெழுகு. மை காய்ந்த தாளின் மேல் மெழுகைச் சீவிப் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்ட வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், ஓரங்களில் மட்டும் இரண்டு தடவை. தண்ணீர் எப்போதும் ஓரம் வழியாகத்தான் திருட்டுத்தனமாக ஏறும். அச்சுக்காரர் கொல்லைக் கொடியில் பத்து பேரைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். மதியம் முழுக்கப் பெய்தது. பத்துப் பேரும் சொட்டு நனையாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் அன்று ஜன்னலைத் திறக்கவில்லை.

சந்தோஷத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். மூலத்தாளுக்கு மெழுகு ஏற்றுவது தொழிலில் யாரும் செய்யாத வேலை. மெழுகு ஏறினால் அதில் கறுப்பைத் திருத்த முடியாது. ஆனால் சுவரெல்லாம் ஓதம், மூலத்தாள் பூசணம் பூத்துவிடக் கூடாது என்று அதையும் இஸ்திரி போட்டு வைத்தார்.

மறுநாள் கொட்டுகிற மழையில் தூண் வந்து சேர்ந்தான். சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"எங்கடா ஒதுங்கி நின்ன?" என்றாள் அக்கா.

"ஒதுங்கலக்கா. நடந்துதான் வந்தேன்."

"குடை?"

"நான் தொலைச்சிடுவேன்னு நீதான ஒளிச்சு வச்சிருக்க."

பொய்க்குத் தண்டனையாக அவள் ஒரு சொம்புத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினாள். தண்ணீர் மணி மணியாகத் திரண்டு, தோள் விளிம்பு வரை உருண்டு, அங்கே கொஞ்சம் யோசித்து, கீழே விழுந்தது. தரை நனைந்தது. தம்பி நனையவில்லை.

"குளிச்சாலும் இப்படித்தான்கா. ஒட்ட மாட்டேங்குது."

"நீ குளிச்சு எந்தக் காலம்" என்று சொன்னாளே தவிர, அவள் குரலில் சுரத்து இல்லை. அந்த மணிகளை அச்சுக்காரர் நேற்று கொடியில் தொங்கிய தாள்களில் பார்த்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கழகத்தின் பயிற்சியாளர் வந்தார். ஒரு தாளை மேலாக உருவி, வெளிச்சத்தில் பிடித்து, பேனாவால் ஆளின் நெஞ்சில் ஒரு குத்துக் குத்தினார்.

"ஓட்டை சுத்தமா விழுதுங்க. கிழியல."

மூலையில் ஸ்டூலில் இருந்த தூண் "ஸ்" என்று நெஞ்சைச் சொறிந்தான்.

"என்ன மாப்ள?" என்றார் அச்சுக்காரர்.

"கொசு மாமா."

மெழுகுப் புகையில் மனிதனே இருக்க முடியாத அறை அது. அச்சுக்காரர் மனக்கணக்குப் போட்டார். ஒரு தாள், ஒரு குத்து, ஒரு கொசு. இருநூறு தாள், தாளுக்குப் பத்துக் குண்டு. ஒரே காலையில் இரண்டாயிரம் கொசு, அத்தனையும் ஈயக் கொசு.

பயிற்சியாளர் போனதும், மூலத்தாளுக்கு மெழுகு ஏற்றியது முதல் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் கத்தவில்லை. அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"குடுக்காம விட்டா?"

"இருநூறு பேரும் இங்கதான் இருப்பாங்க. எலி இருக்கு, கடிச்சா?"

"எரிச்சிட்டா?"

"யாரை?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் நகத்தால் முழங்கையைச் சுரண்டி, வெள்ளையாக வந்ததை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள அந்தப் பாழாப்போன தாள்ல இருந்து மெழுக எடுங்க. இல்லன்னா அடுத்த படத்துக்கு உங்களத்தான் நிறுத்துவேன்."

ஏறிய மெழுகை எடுக்க ஒரே வழி, ஏற்றிய வழிதான். சனிக்கிழமை காலை மூலத்தாளை மையொற்றுத் தாள்களுக்கு நடுவில் வைத்து அச்சுக்காரர் இஸ்திரி போட்டார். மெழுகு உருகி மையொற்றுத் தாளுக்கு ஏறியது. தூண் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொன்னான்.

"முதுகுல சூடா இருக்கு மாமா. நல்லாத்தான் இருக்கு. காதுகிட்ட மட்டும் மெதுவா."

ஏழாவது மையொற்றுத் தாள் வெறுமனே வந்தது. தூண் கொல்லைக்குப் போய் மழையில் நின்றான். முடி படிந்தது. சட்டை ஒட்டியது. "அக்கா, நனையுறேன்" என்று சிரித்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு துண்டு எடுக்கப் போனாள். அச்சுக்காரருக்கு மூச்சு வந்தது. அதற்குள் வாசலில் வேன் ஹாரன்.

பயிற்சியாளர் கட்டைப் பிரித்தார். மேல் தாளைத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். நடுவிலிருந்து ஒன்றை உருவினார்.

"எல்லாம் வெறுந் தாளா இருக்கே. ஆள் எங்கங்க?"

அச்சுக்காரர் தடவிப் பார்த்தார். மெழுகு அருமையாக ஏறியிருந்தது. ஓரங்கள் பிரமாதம். மை இருந்த சுவடுகூட இல்லை. நாலு டப்பா மை. அவர் கொல்லைப்புறம் ஓடினார்.

தாழ்வாரத்தில் மனைவி தம்பியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டு கன்னங்கரேல் என்று இருந்தது. காலடியில் இன்னொரு துண்டு, அதுவும் கறுப்பு. சாக்கடையில் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க போய் இவ்ளோ கரியப் பூசிட்டு வந்தான்னு தெரியல. துடைக்கத் துடைக்க வருது. ஏண்டா, உன் தலை இவ்ளோ சின்னதாவாடா இருந்துச்சு?"

"தொடைக்காத" என்றார் அச்சுக்காரர்.

"ஈரத்தோட விட்டா சளி புடிக்கும்."

"தொடைக்காத. கைய எடு. தானா காயட்டும்."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். துண்டு தூணின் தலைமேல் அப்படியே கிடந்தது. தலை என்று சொல்லத்தக்க அளவுக்கு அதன் அடியில் மேடு இல்லை. அதை விலக்க இருவருக்கும் கை வரவில்லை.

"அக்கா," என்றான் துண்டுக்குள்ளிருந்து, "முடிஞ்சுதா?"