எஃபியின் நீலப் பட்டு

எஃபி தொண்டை அடைப்பான் நோயில் போனாள். ஐந்து வயதுப் பிள்ளை. அடக்கம் முடிந்த மறுநாளே சுகாதார அதிகாரி வந்து, அவள் தொட்ட துணிமணி, படுக்கை, பொம்மை எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். அவள் அம்மா அல்மைரா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அழவில்லை.

அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து எங்கள் ஊரில் அந்த வருஷம் பெண்களுக்கெல்லாம் கிறுக்குப் போர்வை மோகம். பட்டும் வெல்வெட்டுமாகக் கோணல்மாணல் துண்டுகளை ஒட்டுப்போட்டு, ஒவ்வொரு விளிம்பிலும் பூவேலை செய்ய வேண்டும். எங்கள் தெருவில் அதில் கைதேர்ந்தவள் என் அக்கா டொரிண்டா. நான் அவள் வீட்டில்தான் இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அல்மைரா வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டொரிண்டா, ஈஸ்டருக்கு எஃபிக்குத் தச்ச கவுன்ல மிஞ்சின நீலப் பட்டு உங்கிட்டக் குடுத்தேனே. அது இருக்கா?"

அக்கா போர்வையை விரித்துக் காட்டினாள். துண்டு நடுவில் இருந்தது. நாலு பக்கமும் வேறு துண்டுகள் ஏறியிருந்தன.

"பிரிச்சா எல்லாமே கையோட வந்துடும்டி" என்றாள் அக்கா. கண்காட்சிக்கு என்று வைத்திருந்த போர்வை. அவளுக்கு மனசு வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அல்மைராவுக்கும் தெரிந்திருக்கும்.

"பிரிக்க வேணாம். அதச் சுத்தி இன்னும் பூத்தையல் போடலதானே? நான் போடுறேன். கத்துக் குடு."

அல்மைராவுக்குப் பொத்தான் தைப்பதைத் தவிர ஊசி வேலை தெரியாது. தினமும் வந்தாள். பழைய துணியில்தான் முதலில். சங்கிலித் தையல் சீக்கிரம் படிந்தது. மீன்முள் தையலில் கால்கள் கோணின. இறகுத் தையல் அவளை அழவைத்தது. கண்ணி இடமும் வலமும் மாறிமாறி விழ வேண்டும். அவளுக்கு ஒரே பக்கமாகவே சாய்ந்தது.

"என்னடி இது, இறகா? கோழி பெறாண்டின மாதிரி இருக்கு!" என்றாள் அக்கா.

அல்மைரா சிரித்துவிட்டாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

குளிர்காலம் முழுக்க இப்படிப் போயிற்று. பிப்ரவரியில் அக்கா அவளைப் போர்வையிலேயே தைக்கவிட்டாள். மஞ்சள் நூலில் மூன்று பக்கம் முடித்தாள். தைக்கும்போது இடது உள்ளங்கையை அந்த நீலத்தின் மேல் வைத்துக்கொள்வாள்.

மார்ச்சில் அக்கா மகன் வில்லிஸுக்குத் தொண்டை கட்டியது. டாக்டர் பார்த்துவிட்டு, அதே நோய்தான் என்று எங்கள் கதவிலும் எச்சரிக்கை அட்டை மாட்டினார். நோய் எதிலிருந்து வந்தது என்று அத்தான் ஹோரஸ் வீடெல்லாம் புரட்டினார். போர்வையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "இந்த நீலம் யாரு வீட்டுது?"

அக்கா பேசவில்லை. நான் சொன்னேன்: "அத்தான், அது மிஞ்சின துண்டு. அந்தப் பொண்ணு அதப் போட்டதே இல்ல. சீக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்தது."

"செத்தவ வீட்டுத் துணிய எம்புள்ள இருக்குற வீட்டுல வச்சிருக்கீங்க!"

கொல்லைக்குக் கொண்டுபோனார். மண்ணெண்ணெய் ஊற்றினார். அக்கா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பிள்ளையின் கையைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டு எரியும்போது முடி கருகும் நாற்றம் வரும். அது தெரு முழுக்கப் போயிற்று.

இரண்டு நாளில் வில்லிஸும் போய்விட்டான்.

ஊரில் ஒருத்தரும் படியேறவில்லை. அல்மைரா வந்தாள். அத்தான்தான் கதவைத் திறந்தார்.

"வராதம்மா. ஒட்டிக்கும்."

"ஒட்டி எங்கிட்டருந்து எதக் கொண்டுபோகப் போகுது? தள்ளுங்க."

அவர் விலகி நின்றார். அவள் தண்ணீர் காய்ச்சினாள், பிள்ளையின் சட்டையைக் கழற்றினாள். அக்கா அவள் கவுனைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்மைரா, உன்னோடத எரிச்சுட்டாரு. நான் ஒரு வார்த்த சொல்லல."

"தெரியும். பொக வந்தது."

"என்னத் திட்டுடி."

"இப்ப அதப் பேசாத. தலையப் புடி, முதுகத் தொடைக்கணும்."

இரண்டு பேருமாகக் குளிப்பாட்டி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். அல்மைராவே தலை சீவி, வகிடு எடுத்தாள். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் அக்கா நிற்பாள். அல்மைரா தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்துகொண்டே இருப்பாள்.