ஒன்றிலும் நான்கிலும்

போரிவலியில் இறங்க வேண்டும் என்று ஓம்கார் வாயைத் திறந்து சொன்னபோதே பெட்டியில் பாதிப் பேருக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. மாலை மும்பை சர்ச்கேட்டில் கிளம்பும் விரார் மின்ரயில் விரார்க்காரர்களுக்கு மட்டும்தான். நடுவழியில் இறங்கும் போரிவலி ஆட்களுக்கு வேறு வண்டிகள் உண்டு. தெரியாமல் ஏறியவனை வாசலை அடைத்து நின்று இறங்கவிடாமல் கடைசி நிலையம் வரை கொண்டுபோவது அந்தப் பெட்டியின் வழக்கம்.

"இன்னைக்குத்தான் வேலைக்கு முதல் நாள் அங்கிள். ஏழரைக்குள்ள போகலேன்னா திருப்பி அனுப்பிருவாங்க."

"விரார் பாத்திருக்கியா? காத்து நல்லா வரும். பாத்துட்டு வா," என்றான் மக்வானா. சுற்றிலும் சிரித்தார்கள்.

ஜன்னலோரம் இருந்த திகம்பர் ராவுத் சிரிக்கவில்லை. அவருக்கு அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டது. பதினோரு வருடமாக அந்தப் பெட்டியில் பாட்டு அவர்தான். அவர் எடுத்துக் கொடுத்தால் லோபஸ் தன் சூட்கேஸை மடியில் போட்டுத் தட்டுவான், மக்வானா சின்ன ஜால்ராவை எடுப்பான், நூறு பேர் சேர்ந்துகொள்வார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்களின் பாட்டுகள். படகில் போகிறவன் கரையில் நிற்பவளைப் பார்த்துப் பாடும் பாட்டு என்றால் தூங்குகிறவன்கூடத் தூக்கத்திலேயே பாடுவான்.

அந்தப் பாட்டை அவர் எடுத்தபோதுதான் வாசல் பக்கமிருந்து இன்னொரு பாட்டு வந்தது. யந்திரத்தில் அடித்த மேளம். பாடுகிறவன் பாடுகிறானா, பல் துலக்குகிறானா தெரியவில்லை. ஓம்கார் கோபத்தில் ஃபோனை முழுச் சத்தத்தில் வைத்திருந்தான்.

"அணைடா."

"உங்க பாட்டை நான் கேக்கலையா அங்கிள்? செத்தவன் பாட்டையெல்லாம்?"

திகம்பர் எழுந்து போய் அறைந்தார். ஐம்பத்து மூன்று வயதில் அவர் அறைந்த முதல் அறை அது. ஃபோன் பறந்து தண்டவாளத்தில் விழுந்தது. ஓம்கார் அது போன திசையை ஒரு நொடி பார்த்தான். பிறகு தன் நெற்றியால் அவர் மூக்கில் இடித்தான். உள்ளே ஏதோ முறிந்தது. இரத்தம் சட்டைப் பொத்தான்கள் வரை ஒழுகியது.

"ராவுத் பாய் மேலயே கை வச்சுட்டான்!"

அவ்வளவுதான். குத்துகள் எங்கிருந்து வருகின்றன என்று பையனுக்குத் தெரிந்திருக்காது. வயிறு, காது, மறுபடி வயிறு. கூட்டம் நெருக்க நெருக்க அவன் வாசலின் நடுக்கம்பியை ஒரு கையால் பிடித்து வெளியே தொங்கினான். அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி மின்கம்பங்கள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. யாரோ அவன் விரல்களைக் குடையால் அடித்தார்.

"போதும்! விழுந்துருவான்டா! விடுங்க!" என்று திகம்பர் கத்தினார்.

யாருக்கும் கேட்கவில்லை. இவன் விழுந்தால் தள்ளியது என் அறைதான் என்று திகம்பருக்குப் புரிந்தது. இந்தக் கூட்டம் எதைக் கேட்கும்? ஒன்றைத்தான் கேட்கும். மூக்கில் இரத்தத்தோடு படகுப் பாட்டை எடுத்தார்.

கூட்டம் உடனே சேர்ந்துகொண்டது. லோபஸின் சூட்கேஸ் முழங்கியது. ஆறு தட்டுத் தாளம். ஒன்றிலும் நான்கிலும் கனம். கைகள் தாளம் போடப் போய்விடும் என்று நினைத்தார். கைகள் போகவில்லை. ஒன்றில் ஒரு குத்து விழுந்தது. நான்கில் ஒரு குத்து. அதுவரை கண்டபடி அடித்தவர்கள் இப்போது அழகாக, ஒருவர் கை ஒருவர் மேல் படாமல், முறை வைத்து அடித்தார்கள். முகத்தில் அதே பழைய சுகம். மக்வானா கண்ணை மூடிக்கொண்டு அடித்தான்.

திகம்பர் வாயை மூடினார். பாட்டு நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அது எல்லோர் உடம்பிலும் இருந்தது. பையனின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தன.

அவருக்கு ஒரே ஒரு புதுப் பாட்டு தெரியும். வீட்டில் மகள் ருச்சா தலை வாரும்போதெல்லாம் போடுவாள். தினமும் திட்டி நிறுத்தச் சொல்வார். அதேதான் சற்று முன் ஃபோனில் பாடியது. கண்ணை இறுக்கிக்கொண்டு, தொண்டை கிழிய அதைக் கத்தினார். வார்த்தை தெரியாத இடத்தில் யந்திர மேளத்தையும் வாயாலேயே போட்டார்.

லோபஸின் தட்டு இடறியது. ஒன்று எங்கே, நான்கு எங்கே என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஓங்கிய கைகள் ஓங்கியபடி நின்றன.

"பாய்க்கு மூளையில அடிபட்டிருச்சு," என்றது ஒரு குரல். யாரோ சிரித்தார்.

வண்டி போரிவலிக்கு வேகம் குறைத்தது. திகம்பர் தோள்களை இடித்துக்கொண்டு பாய்ந்து பையனின் காலரைப் பிடித்தார்.

"வழி விடு மக்வானா."

"இவனுக்காகவா? இந்தக் கழுதைப் பாட்டுக்காகவா? பதினோரு வருஷம் உக்காந்தேனே உன்கூட!"

"விடுடா."

மக்வானா விட்டான். விட்டதோடு இடுப்பில் ஓர் உதையும் கொடுத்தான். இருவரும் பிளாட்பாரத்தில் உருண்டார்கள். "இனி இந்தப் பெட்டியில கால வச்சே, நீயும் போரிவலிக்காரன்தான்!" திகம்பரின் பை பின்னாலேயே வந்து விழுந்தது. உள்ளே சாப்பாட்டு டப்பா நசுங்கியது.

ஓம்கார் தவழ்ந்து உட்கார்ந்து ஒரு பல்லைத் துப்பினான். இரண்டு விரல்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"மணி என்ன அங்கிள்?"

"ஏழு பத்து. ஆஸ்பத்திரிக்கு வா."

"வேலைக்குப் போயிட்டு அப்புறம்." எழ முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தான். "ரெண்டாவது வரி அப்படி இல்ல. கொன்னுட்டீங்க பாட்டை."

வண்டி நகர்ந்தது. அவர் இல்லாமலே படகுப் பாட்டு மறுபடி கிளம்பியது. உச்ச வரியை லோபஸ் எடுத்தான், பிசிறில்லாமல். அந்த வரிக்கு எப்போதும் போல் திகம்பருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறைந்த கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை ஓம்கார் பார்த்துவிட்டான். அவர் அந்தக் கையைத் தன் அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டார், வண்டி கண்ணுக்கு மறையும் வரை.