கழித்த ஓர் அங்குலம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டே வாருங்கள். இது பெரியவர்கள் மட்டும் கேட்கிற கதை. சிரிக்கலாம், வெட்கப்படலாம், நடுவில் எழுந்து மட்டும் போகக்கூடாது.

ஒரு தையற்காரர் இருந்தார். நாற்பதைத் தொடும் வயதில்தான் அவருக்குக் கல்யாணம் கூடிவந்தது. வந்தவளும் தையல் தெரிந்தவள். கடையில் அவர் அளவெடுத்து வெட்டித் தைப்பார். அவள் பட்டனுக்குக் காஜா எடுப்பாள், ஓரம் மடித்துத் தைப்பாள். ஒருவருக்கொருவர் கத்தரிக்கோலை நீட்டும்போதுகூட விரல் படும்படி நீட்டுவார்கள். அவ்வளவு பிரியம்.

அவருடைய டேப்புக்கு ஒரு குறை உண்டு. அதன் முனைத் தகடு எப்போதோ கழன்று, முதல் அங்குலம் நைந்து அறுந்து போயிருந்தது. மனுஷன் அதைத் தூக்கிப் போடவில்லை. ஒன்று என்ற எண்ணிலிருந்தே அளந்து, வருகிற கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்வார். டேப் இருபத்தைந்து என்று காட்டும், வாய் இருபத்துநாலு என்று சொல்லும். மூச்சு விடுவதுபோல ஆகிவிட்ட பழக்கம்.

கடையில் ஆள் வராத ஒரு மத்தியானம், போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் ஒரு பக்கம் தட்டுப்பட்டது. ஆண்குறி எவ்வளவு நீளம் இருக்கவேண்டும், குறைந்தால் கையாலேயே இழுத்து எப்படி நீட்டலாம் என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். அதுவரை அவருக்கு அந்தக் கவலையே கிடையாது. படித்த பிறகு வேறு கவலையே இல்லை.

ஊரார் கழுத்தில் போடுகிற டேப்பை இதற்கு எடுப்பதா? தொழிலுக்கு ஒரு மரியாதை இருக்கிறதே. புது டேப் ஒன்று வாங்கிவந்து, குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டு, அளந்தார். நாலும் சொச்சமும் வந்தது. அந்தப் பக்கம் சொன்ன அளவு எங்கே, இது எங்கே. கோட்டையைப் பறிகொடுத்தவர்போல முகம் தொங்கிப்போனது.

அன்றிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பக்கத்தின் தொடக்கத்திலேயே, சூடு காட்டு, மெதுவாகச் செய், ஓய்வு கொடு என்றெல்லாம் எழுதியிருந்தது. அதையெல்லாம் தாண்டி நேராகப் படத்துக்குப் போய்விட்டார். நாமெல்லாம் மாத்திரைப் பெட்டியில் இருக்கும் காகிதத்தைப் படிக்கிறோமா என்ன?

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறான், கேட்டால் தலைவலி என்கிறான். குளியலறைக்குப் போனால் வருவதில்லை. ஒருநாள் பட்டன் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"மாசக் கடைசியில நான் அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு கேக்காதீங்க."

"ஏம்மா, என்னாச்சு?"

"உங்களுக்குத்தான் தெரியணும். பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லலாம். ஊமை மாதிரி முதுகைக் காட்ட வேண்டாம்."

அவரோ, குறை தெரிந்துதான் போகிறாள் என்று தப்பாக முடிச்சுப் போட்டுக்கொண்டார். மாசக் கடைசிக்குள் நீட்டிக் காட்டிவிட வேண்டும் என்று வைராக்கியம் வேறு.

இதற்கு நடுவில் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த புது டேப் அவள் கையில் கிடைத்தது. "புதுசை வாங்கி இங்க ஒளிச்சு வச்சிருக்கு பாரு, கஞ்சம்" என்று அதைக் கடைக்கு எடுத்துவந்து, பழசைக் குப்பையில் போட்டுவிட்டாள். அன்றைக்கென்று வாடிக்கையான டாக்டர் ஒருவர் வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். அந்த டேப்பை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டபோது, நம் தையற்காரர் முகம் சிவந்த சிவப்பு இருக்கிறதே, அதில் ஒரு சட்டைக்கே சாயம் ஏற்றலாம்.

வைராக்கியம் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? குளிர்ந்த தண்ணீர், விறைத்துப்போன விரல்கள், கோணலாக வெட்டிய துணியை நேராக்குகிறவர்போல ஒரே இழுப்பு. சுருக்கென்றது. ஓரமாக நீலம் பாரித்து, நுனி மரத்துப்போனது.

தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்று பஸ் ஏறி, ஊரின் மறுகோடியில் இருந்த மருத்துவமனைக்குப் போனார். கதவைத் திறந்தால், உள்ளே அதே டாக்டர், அதே புதுக் கோட்டு. கோட்டின் கைகள் இரண்டும் மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றன.

"வாங்க டெய்லரே. நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன். நான் வளந்துட்டேனா, கோட்டு குட்டையாயிருச்சா?"

"எனக்கும் அதே பிரச்சினைதான் டாக்டர்."

"என்ன?"

"குட்டை" என்றார் தரையைப் பார்த்தபடி.

டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார், பொறுமையாகக் கேட்டார், பார்த்தார்.

"ரத்தம் கட்டியிருக்கு. உள்ள எதுவும் கிழியல, தப்பிச்சீங்க. வலியும் மரப்பும் முழுசா போறவரைக்கும் கை வைக்கக் கூடாது. கறுத்தாலோ, வீங்கினாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருந்தாலோ உடனே வரணும். இதை எப்படிச் செஞ்சீங்க, சொல்லுங்க."

சொன்னார். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"கம்பளித் துணியை ஆவி காட்டாம இப்படி இழுப்பீங்களா?"

"நூல் போயிடும் டாக்டர்."

"துணிக்குப் பாக்குற பாவம்கூட உடம்புக்குப் பாக்கக் கூடாதா? இங்க பாருங்க. குறி வளைஞ்சுபோற நோய்க்கு நாங்களே சிலருக்கு இழுக்கிற வைத்தியம் சொல்றதுண்டு, அதுவும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டு. அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு. முதல்ல வெதுவெதுப்பான ஈரத்துணியால சூடு காட்டணும். விறைப்பு இல்லாம தளர்வா இருக்கிறப்பதான் தொடணும். நுனி மொட்டைப் பிடிக்காம அதுக்குப் பின்னால, முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும். லேசா இழுபடுதுன்னு தோணினா போதும், அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்தி விட்டுடணும். வலிச்சாலோ, சில்லுன்னு ஆனாலோ, மரத்தாலோ அன்னைக்கு அதோட சரி. தினமும் கூடாது, நடுவுல ஓய்வு வேணும். கயிறு கட்டுறது, எடை தொங்கவிடுறது, கிட்டவே போகாதீங்க."

"முறையாச் செஞ்சா வளருமா டாக்டர்?"

"நல்லா இருக்கிற உடம்பைக் கையால இழுத்து வளத்ததா நம்பற மாதிரி ஆதாரம் எதுவும் இல்லை. நம்பி இழுத்துப் புண்ணாக்கிட்டு வர்றவங்கதான் வர்றாங்க. சரி, அது போகட்டும், என் கைக்கு வழி சொல்லுங்க. மறுபடி அளங்க பாப்போம்."

தையற்காரர் பையில் டேப் இல்லாமல் எப்போது போயிருக்கிறார்? எடுத்தார், தோளிலிருந்து மணிக்கட்டு வரை வைத்தார்.

"இருபத்துமூணு."

டாக்டர் குனிந்து பார்த்தார். "இருபத்துநாலுன்னுல்ல போட்டிருக்கு?"

"அது டேப்பு காட்டுறது டாக்டர். முதல் இஞ்ச் அறுந்து போச்சு, அதனால ஒண்ணைக் கழிச்சுக்குவேன்."

"எங்க அறுந்திருக்கு?"

தையற்காரர் டேப்பின் முனையைப் பார்த்தார். தகடு பளபளவென்று மின்னியது. முதல் அங்குலம் முழுசாக, அழுக்குப் படாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கட்டைவிரலால் அந்தத் தகட்டைத் தேய்த்துப் பார்த்தார்.

"டாக்டர்... அப்போ அதுவும்..."

"எது?"

"அதையும் இந்த டேப்பாலதான் அளந்தேன்."

டாக்டர் தன் கழுத்தை ஒருமுறை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியதாயிற்று.

"ஒண்ணைச் சேத்துக்கோங்க டெய்லரே. பெரும்பாலான ஆம்பளைங்களுக்கு இருக்கிற அளவுதான் உங்களுக்கும். அந்தப் பக்கத்துல போட்டிருக்கிறது பொய். முன்னாடியும் உங்களுக்கு ஒண்ணும் இல்லை, இப்பத்தான் காயம் இருக்கு. வீட்டுல பேசுங்க, முதல்ல."

திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார். வலி ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். கடையில் அவள் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போகும் துணிப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கதவைப் பாதி சாத்திவிட்டு, போனில் பார்த்ததிலிருந்து டாக்டர் சிரித்தது வரை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் ஊசி நின்றுபோனது.

"நான் என்னைக்காவது குறை சொன்னேனா?"

"சொல்லலை."

"அப்புறம் எவனோ எழுதினதை நம்பி, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, உங்களை நீங்களே இழுத்துக்கிட்டுக் கிடந்தீங்களாக்கும். நான் எனக்கு என்ன குறைன்னு கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்." பிறகு உதடு துடித்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வெளியே வந்தது. "ரொம்ப வலிக்குதா?"

"இப்போ பரவாயில்ல. ஆறுற வரைக்கும் தள்ளி இருக்கணுமாம்."

"அதுலேருந்து தள்ளி இருக்கச் சொன்னாரா, என்கிட்டேருந்தா?"

"உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

"அப்ப இன்னைக்கு முகத்தை இந்தப் பக்கம் வச்சுப் படுங்க" என்றாள். துணிப்பையை உதறி, உள்ளே இருந்ததை அலமாரியில் வைத்தாள்.

கோட்டுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. கை ஓரத்தில் அவள் எப்போதும் தாராளமாக உள்மடிப்பு விட்டுத்தான் தைப்பாள். மறுநாளே பிரித்து இறக்கிவிடலாம். அவர் புது டேப்பைக் கையில் சுற்றியபடி, "இனிமே கழிக்கக் கூடாது, கழிக்கக் கூடாது" என்று பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"கொடுங்க இங்க" என்று அவள் வாங்கினாள். கத்தரிக்கோலை எடுத்தாள். தகட்டோடு சேர்த்து முதல் அங்குலத்தை நறுக்கென்று வெட்டிப் போட்டாள்.

"உங்க தலையைத் திருத்துறதைவிட டேப்பைத் திருத்துறது சுலபம். இது கடைக்கு. வீட்டுல டேப்பே வேண்டாம்."

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுத் தலையணைகள் ஒன்றையொன்று பார்த்தே கிடக்கட்டும். வாய் திறந்து கேட்கிற தைரியமும், கேட்டதைச் சிரித்துக்கொண்டே தாங்குகிற மனசும் உங்கள் கூரைக்குக் கீழே எப்போதும் குறையாமல் இருக்கட்டும். போய் நிம்மதியாகத் தூங்குங்கள்.